அப்பாவுக்கு சுகர், கூடவே டிப்ரஷன்னு சொல்றாங்க. கவுன்சிலிங் போனா சுகரும் குறையுமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க ப்ளீஸ்

அமராவதிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்கப்பாவுக்கு 61 வயசு. 29 வருஷம் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். சுகர் வந்து 13 வருஷம் ஆச்சு. வேலையில இருந்த வரைக்கும் ஓரளவு கண்ட்ரோல்ல தான் இருந்துச்சு, அம்மா கட்டிக் குடுக்கறத தவிர வெளிய எதுவும் சாப்பிட மாட்டார், மாத்திரைய மறக்கவே மாட்டார். போன ஆடி மாசம் வலது கால்ல செருப்பு கடிச்சு ஒரு சின்ன கொப்புளம். கால்ல உணர்ச்சி குறைஞ்சு போனதால அவருக்கு தெரியவே இல்ல, அது சீழ் வச்சு கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. புண்ணு ஆறிடுச்சு, நடக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டார், ஆனா மனுஷன் பழையபடி இல்ல. காலைல எந்திரிச்சா திண்ணையில உக்காருறார், மத்தியானமும் அங்கயே, சாயங்காலமும் அங்கயே. பேப்பர் படிக்கறதில்ல. பேரன் போய் மடியில உக்காந்தாக்கூட இறக்கி விட்டுடறார். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கார். "என்னப்பா"ன்னு கேட்டா "இனிமே இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு ஒரே பதில்.

மூணு மாச சுகர் (HbA1c, மூணு மாச சராசரிய காட்டற ரத்த டெஸ்ட்) 10.4 வந்திருக்கு. டாக்டர் மாத்திரைய ஏத்தி எழுதிக் குடுத்தார், அப்புறம் என்னை மட்டும் தனியா கூப்பிட்டு, "அப்பாவுக்கு டிப்ரஷன் இருக்கற மாதிரி தெரியுது, சைக்கியாட்ரி பக்கம் ஒரு தடவ காட்டுங்க"ன்னு சொன்னார். வீட்ல சொன்னா சித்தப்பா சண்டைக்கு வந்துட்டார், "அண்ணனை பைத்தியம்னு ஊர் பேசணுமா"ன்னு.

இதுல இன்னொன்னு. நேத்து பரண் சுத்தம் பண்றப்ப அப்பாவோட பழைய கண்டக்டர் தோல் பை கிடைச்சுது. வெறும் பை தானேன்னு தூக்கினா கனமா இருந்துச்சு. திறந்து பாத்தா உள்ள மாத்திரை. நாலு மாச மாத்திரை, அட்டை அட்டையா, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வச்சிருக்கார். காலைலயும் ராத்திரியும் அம்மா கையில குடுத்தது எதையும் அவர் முழுங்கல. அந்தப் பைய மடியில வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

என் கேள்வி இதுதான். உக்காந்து பேசறதால சுகர் குறையுமா? மனசுக்கு குடுக்கற மாத்திரை சுகரை ஏத்துமா? வரமாட்டேன்னு சொல்றவரை எப்படி கூட்டிட்டுப் போறது?

நொய்யல்காரன்

தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க, இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் டிப்ரஷன்னு பேர் வச்சிடறாங்க. எங்க பெரியப்பாவும் பைபாஸ் பண்ணினப்புறம் இப்படித்தான் மூலையில உக்காந்தார், தினமும் கைய புடிச்சு அரை மணி நேரம் நடக்க வச்சோம், ரெண்டு மாசத்துல சரியாயிட்டார். காலைல நடை, வெந்தயத் தண்ணி, கோயிலுக்கு கூட்டிட்டுப் போங்க. நாலு பேரோட பேசினாலே பாதி சரியாயிடும்.

வெள்ளை_கோட்டு_அக்கா

அமராவதி, நான் ஒரு டயபடிஸ் சென்டர்ல பேஷண்ட்டுங்கள ஃபாலோ பண்ற வேலையில 9 வருஷமா இருக்கேன். உங்க மூணு கேள்விக்கும் பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பை. இத படிச்ச உடனே அந்தப் பைய உங்க பொறுப்புல எடுத்து அவர் கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வச்சிடுங்க. "இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு சொல்ற ஒரு மனுஷன் கிட்ட நாலு மாச சுகர் மாத்திரை சேந்து கிடக்கக் கூடாது. அவர் வெறுப்புல முழுங்காம விட்டதாத்தான் இருக்கும், ஆனா நாம கேக்காம முடிவு பண்ணக் கூடாது. பக்கத்துல உக்காந்து நேராவே கேளுங்க, "அப்பா, செத்துப் போயிடலாம்னு தோணுதா"ன்னு. கேட்டா அந்த நினைப்ப நாமளே கிளப்பி விட்டுடுவோம்னு எல்லாரும் பயப்படறாங்க, அப்படி இல்ல, கேட்டதும் அழுது பாரத்த இறக்கி வச்சவங்கள எத்தனையோ பேர பாத்திருக்கேன். "ஆமா"ன்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. நடு ராத்திரியா இருந்தா 14416 கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

அடுத்தது, சுகர் டாக்டருக்கு நாளைக்கே போன் பண்ணி, நாலு மாசமா மாத்திரை சாப்பிடலன்னு சொல்லிடுங்க. அவர் சாப்பிட்டும் 10.4 இருக்குன்னு நினைச்சுத்தான் டாக்டர் டோஸ் ஏத்திருக்கார். நீங்க இப்ப திடீர்னு கண்டிப்பா நின்னு ஏத்தின டோஸ முழுசா குடுத்தா, முக்கியமா கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை இருந்தா, சுகர் தடாலுன்னு இறங்கி மயக்கம் போட்டுடுவார். இந்த மாதிரி கேஸ் வருஷத்துக்கு ரெண்டு மூணு பாக்கறேன்.

கூடவே தைராய்டும் பி12 வைட்டமினும் பாக்கச் சொல்லுங்க. மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு பி12 குறையும், அதுலயும் சோர்வு வரும், மனசும் மந்தமா இருக்கும், கால் மரப்பும் கூடும். ஆனா அது சரியாகட்டும்னு மனநல டாக்டர பாக்கறத தள்ளிப் போடாதீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். பேசினா சுகர் குறையுமா? நேரா குறையாது, ஆனா சுத்தி வந்து குறையும். 1998ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. டிப்ரஷன் இருக்கற 51 டைப் 2 சுகர்காரங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, எல்லாருக்கும் சுகர் பத்தி வகுப்பு எடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு மட்டும் கூடுதலா 10 வாரம் சி.பி.டி, அதாவது நாம எப்படி நினைக்கறோம், அதனால என்ன பண்றோம்னு பாத்து ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தற பேச்சு சிகிச்சை. 10 வாரம் முடிஞ்சப்ப சி.பி.டி குரூப்ல 85 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் தெளிஞ்சிருந்துச்சு, வெறும் வகுப்பு மட்டும் கேட்டவங்கள்ல 27 சதவீதம். ஆனா சுகர்ல அன்னைக்கு எந்த வித்தியாசமும் இல்ல. இன்னும் ஆறு மாசம் கழிச்சு பாத்தப்ப தான் மூணு மாச சுகர் சி.பி.டி குரூப்புக்கு 9.5, வகுப்பு மட்டும் கேட்டவங்களுக்கு 10.9. நான் வீட்டுக்காரங்க கிட்ட எப்பவும் சொல்றது இதுதான், மனசு முதல்ல தெளியும், சுகர் பின்னாடிதான் வரும், ரெண்டு செஷன் போயிட்டு "சுகர் இறங்கல, காசு தண்டம்"னு நிறுத்திடாதீங்க.

இன்னொன்னு, பாஸ்டன்ல 87 பேர வச்சு பண்ணி 2014ல வந்துச்சு. அதுல மனசப் பத்தி மட்டும் பேசல, அதே செஷன்ல மாத்திரைய எப்ப சாப்பிடறது, எது தடுக்குது, சுகர் எப்ப செக் பண்றதுன்னு அதையும் சேத்துப் பேசினாங்க. நாலு மாசத்துல மூணு மாச சுகர், இந்தப் பேச்சு சிகிச்சை இல்லாத குரூப்ப விட 0.7 குறைஞ்சுது. நம்ம நாட்டுலயே சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லின்னு நாலு இடத்துல 404 பேர வச்சு ஒண்ணு நடந்துச்சு, 2020ல வந்துச்சு. அதுல டாக்டர் இல்லாத, பயிற்சி குடுத்த ஒரு ஆள் பேஷண்ட்ட கூப்பிட்டுப் பேசறது, சுகர் டாக்டரும் சைக்கியாட்ரிஸ்ட்டும் சேந்து உக்காந்து அந்த கேஸ பாத்து என்ன மாத்தலாம்னு சொல்றது. ரெண்டு வருஷம் கழிச்சு, டிப்ரஷன் பாதியா குறைஞ்சு கூடவே சுகரோ பிரஷரோ கொழுப்போ ஏதாவது ஒண்ணாவது இறங்கினவங்க 71.6 சதவீதம், வழக்கமான வைத்தியம் மட்டும் பாத்தவங்கள்ல 57.4. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின்னு எதுவும் வேணாம், போன் பண்ணி "எப்படி இருக்கீங்க, மாத்திரை சாப்பிட முடிஞ்சுதா"ன்னு விடாம கேக்க ஒரு ஆள் வேணும். அத ஏன் எல்லா ஊர்லயும் பண்ண மாட்டேங்கறோம்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

மாத்திரை பயம் எல்லாருக்கும் இருக்கு. டிப்ரஷனுக்கு இப்ப வழக்கமா குடுக்கற எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் மாதிரியானதுங்க சுகர பெருசா ஏத்தறதில்ல, சிலருக்கு கொஞ்சம் இறங்கவும் செய்யும், அதனால ஆரம்பத்துல சுகர அடிக்கடி பாத்துக்கணும். சில மருந்துல பசி கூடி வெயிட் போடும். சுகர் இருக்குன்னு மொதல்லயே சொல்லிட்டா டாக்டர் பாத்து எழுதுவாங்க. எல்லாருக்கும் மாத்திரை வேணும்னும் இல்ல.

நொய்யல் அண்ணா, நடை நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா ரெண்டு விரல் எடுத்து, உணர்ச்சி குறைஞ்ச கால் அது. அதுக்குன்னு செருப்பு வாங்காம, கால டாக்டர் பாக்காம கைய புடிச்சு இழுத்துட்டுப் போனா அடுத்த கொப்புளம் வரும். அதோட, டிப்ரஷன்ல இருக்கறவருக்கு "எந்திரிச்சு நட"ன்னு சொல்றது காய்ச்சல்காரனை ஓடச் சொல்ற மாதிரி. எந்திரிக்க முடியாததுதான் அந்த நோயே.

அமராவதிக்கரை

அக்கா, பைய பீரோவுல வச்சு பூட்டிட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் திண்ணையில போய் பக்கத்துல உக்காந்து கேட்டேன். கேக்கறப்ப என் குரலே எனக்கு கேக்கல. ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "சாகணும்னு இல்லம்மா, காலைல முழிப்பு வரலன்னா நல்லாயிருக்கும்னு தோணும், அவ்வளவுதான்"னு சொன்னார். மாத்திரைய ஏம்ப்பா சாப்பிடலன்னு கேட்டதுக்கு, "13 வருஷம் ஒழுங்கா சாப்பிட்டேன், அப்படியும் விரலை எடுத்தாங்கல்ல"ன்னார். எனக்கு பதில் தெரியல.

வெள்ளை_கோட்டு_அக்கா

கேட்டது ரொம்ப நல்லது. "முழிப்பு வரலன்னா நல்லாயிருக்கும்"ங்கறதையும் லேசா எடுத்துக்காதீங்க, டாக்டர் கிட்ட அவர் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க, இந்த வாரமே காட்டிடுங்க. பி.எச்.க்யூ-9னு ஒரு தாள் குடுப்பாங்க, ரெண்டு வாரமா எப்படி இருந்தீங்கன்னு 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும். ஒன்பதாவது கேள்வி இதப் பத்திதான். அது வரைக்கும் ராத்திரில யாராவது பக்கத்துல படுத்துக்கோங்க.

ஊசி_நூல்_திருச்சி

அமராவதி, அப்பா சொன்ன அந்த வார்த்தைய நானே சொன்னவன், அதனாலதான் எழுதறேன். டெய்லர் கடை வச்சிருக்கேன், 46 வயசு, சுகர் 8 வருஷமா. மூணு வருஷம் முன்னாடி கண்ணுல நரம்பு கசிவுன்னு லேசர் வச்சாங்க. ஊசியில நூல் கோக்க முடியல. கடையத் திறப்பேன், மெஷின் முன்னாடி உக்காருவேன், வாங்கின துணி அப்படியே மடிச்சது மடிச்சபடி இருக்கும். அப்ப நான் பாத்துட்டிருந்த ஒரு இடத்துல டாக்டர், பேர் வேணாம், எல்லார் முன்னாடியும் "வாயக் கட்டாதவனுக்கு கண்ணு போனா யார் என்ன பண்றது"ன்னார். அதுக்கப்புறம் ஆறு மாசம் எந்த ஆஸ்பத்திரி படியும் மிதிக்கல. அவங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறாங்க, நமக்கு அது எத்தனை நாள் உள்ள கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரம்மா தான் சைக்காலஜிஸ்ட் கிட்ட கூட்டிட்டுப் போனா. அட்வைஸ் பண்ணுவாங்கன்னு நினைச்சு போனேன். அந்தம்மா முதல் நாள் சுகர் பத்தி ஒரு வார்த்த பேசல, என்ன தையல் தைப்பீங்க, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. கிளம்பறப்ப ஒரு வேல குடுத்தாங்க, தினமும் பத்து நிமிஷம் மெஷின மிதிக்கணும், தைக்க வேணாம், பழைய துணியில சும்மா நேர் கோடு ஓட்டினா போதும், முடிச்சதும் மனசு எப்படி இருக்குன்னு பத்துக்கு ஒரு நம்பர் போடணும். இதுக்கா காசு குடுத்தோம்னு கோவம் வந்துச்சு. முதல் நாள் 2 போட்டேன். அஞ்சாம் நாள் மிதிச்சப்புறம் 4 இருந்துச்சு, அது எனக்கே அதிசயமா இருந்துச்சு. மனசு சரியானா வேல செய்யலாம்னு நான் காத்துட்டிருந்தேன், அந்தம்மா தலகீழா பண்ணாங்க, வேலய செய், மனசு பின்னாடி வரும்னு.

நாலாவது தடவ போனப்ப தான் சுகர் மெஷின் பேச்சு வந்துச்சு. ஏன் செக் பண்றதில்லன்னு கேட்டாங்க. "குத்தினா 260, 280ன்னு காட்டும், பாத்தா அன்னைக்கு முழுக்க செத்த மாதிரி இருக்கும்"னேன். அந்த நம்பர பாத்ததும் மனசுல என்ன வார்த்த ஓடுதுன்னு கேட்டாங்க. யோசிச்சு பாத்தா "நீ உருப்பட மாட்டே"ன்னு ஓடுது. எங்கப்பா குரல்ல. எழுதச் சொன்னாங்க, எழுதினேன், அழுதுட்டேன். அப்புறம் கேட்டாங்க, "கஸ்டமர் இடுப்ப டேப் வச்சு அளக்கறீங்க, 40 வருது, அவர திட்டுவீங்களா, இல்ல 40க்கு வெட்டுவீங்களா?" அன்னையிலிருந்து அந்த நம்பர நான் அளவாத்தான் பாக்கறேன். இன்னைக்கு 210ன்னா மத்தியானம் சோறு ஒரு கரண்டி கம்மி, அவ்வளவுதான், அதுக்கு மேல அந்த நம்பருக்கு பேச உரிமை இல்ல.

எனக்கு மொத்தம் 12 செஷன், நடுவுல மூணு வாரம் போகாமயும் இருந்தேன், அவங்களே போன் பண்ணி கூப்பிட்டாங்க. மூணு மாச சுகர் 9.8ல ஆரம்பிச்சு முதல் மூணு மாசம் 9.6 தான், அப்புறம் வேற சுகர் டாக்டர் கிட்ட போய் மருந்து மாத்தி, எல்லாம் சேந்து ஒரு வருஷத்துல 7.9. இப்பவும் சில நாள் மூடு விழும். ஆனா விழுந்தா என்ன பண்ணணும்னு தெரியும், பழைய துணிய எடுத்து மிதிக்க ஆரம்பிச்சிடுவேன்.

அப்பா சொன்னாரே "ஒழுங்கா சாப்பிட்டும் விரலை எடுத்தாங்க"ன்னு, அதுக்கு நீங்க பதில் தேடாதீங்க. அவருக்கு பெரிய அநியாயம் நடந்த மாதிரி இருக்கு, அத யாராவது "ஆமாப்பா, கஷ்டமாத்தான் இருக்கும்"னு ஒத்துக்கணும். நாங்கல்லாம் அதுக்குத்தான் ஏங்கினோம்.

வைகை_ராஜாத்தி

அம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லணும்மா. எங்க வீட்டுக்காரருக்கு சுகரும் மனசோர்வும் சேந்து இருந்தப்ப நான் பண்ணின தப்பு, இருவத்தி நாலு மணி நேரமும் காவல் காத்தது. சாப்பிட்டீங்களா, குத்துனீங்களா, மாத்திரை எங்க, அந்த ஜிலேபிய யார் தின்னது. அன்புலதான் கேட்டேன், அவருக்கு அது போலீஸ் ஸ்டேஷனா இருந்திருக்கு. கவுன்சிலர் எங்கிட்ட, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவ சுகர் பேச்சு, அதும் அவர் ஆரம்பிச்சா மட்டும்னு சொன்னாங்க. பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். பதிலுக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அவர் கால என் மடியில வச்சு டார்ச் அடிச்சு விரலிடுக்கு, பாதம் எல்லாம் பாத்து எண்ணெய் தடவுவேன், விரலிடுக்குல மட்டும் தடவ மாட்டேன், ஈரம் நிக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிருக்காங்க. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் மனுஷன் வாயத் திறந்து பேசவே ஆரம்பிச்சார். உங்கம்மாவால முடிஞ்சா பண்ணச் சொல்லுங்க.

நொய்யல்காரன்

வெள்ளை கோட்டு அக்கா சொன்னதும் திருச்சி அண்ணன் எழுதினதும் படிச்சேன். நான் சொன்னது அவசரப்பட்டு சொன்னது, தங்கச்சி மன்னிச்சுக்கோங்க. யோசிச்சு பாத்தா பெரியப்பா கூட நடந்த அந்த அரை மணி நேரமும் நான் பேசிட்டே போவேன், அவரும் பேசுவார். நடைதான் சரி பண்ணுச்சுன்னு இத்தன வருஷம் நினைச்சிட்டிருந்தேன்.

அமராவதிக்கரை

ஏழு வாரம் ஆச்சு, எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

சித்தப்பா கிட்ட எதுவும் சொல்லல. அப்பா கிட்ட "சுகர் டாக்டர் அனுப்பிச்சார்ப்பா, கால், கண்ணு மாதிரி இதையும் ஒரு தடவ பாக்கணுமாம்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன், அது பொய்யும் இல்ல. அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி. அந்த தாள்ல 18 வந்துச்சு. ஒரு மாத்திரையும் எழுதினாங்க, வாரா வாரம் சைக்காலஜிஸ்ட்டயும் பாக்கச் சொன்னாங்க. பி12 ரொம்ப கம்மியா இருந்துச்சு, அதுக்கு ஊசி போடறாங்க. சுகர் டாக்டர் நான் விஷயத்த சொன்னதும் பழைய டோஸையும் குறைச்சு மறுபடி கீழருந்து ஆரம்பிச்சார்.

முதல் ரெண்டு வாரம் சைக்காலஜிஸ்ட் தம்பி கேட்டதுக்கெல்லாம் "ம்", "இல்ல" அவ்வளவுதான். மூணாவது வாரம் அவர் எந்த ரூட்டுல ஓடுனீங்கன்னு கேட்டிருக்கார், அப்பா நாப்பது நிமிஷம் பேசினாராம். வெளிய உக்காந்திருந்த எனக்கு அவர் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு, எட்டு மாசம் கழிச்சு. அன்னைக்கு குடுத்த வேல, காலைல தெரு முக்கு ஸ்டாப் வரைக்கும் போய் மொத ட்ரிப் பஸ் போறத பாத்துட்டு வரணும். கால் டாக்டர் எழுதிக் குடுத்த செருப்பு வாங்கினப்புறம்தான் அனுப்பினேன் அக்கா. ஏழு நாள்ல மூணு நாள் போனார். எழுதிக் காட்டினப்ப அந்தத் தம்பி "மூணு நாள் போயிருக்கீங்களே"ன்னாராம், அத வீட்டுக்கு வந்து அப்பாவே சொன்னார்.

மாத்திரைக்கும் அவங்க ரெண்டு பேருமே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. கண்டக்டருங்க ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் இன்வாய்ஸ்னு டிக்கெட் கணக்கு எழுதுவாங்கல்ல, அதே மாதிரி ஒரு நோட்டுல கோடு போட்டு காலை, மதியம், ராத்திரின்னு மூணு ஸ்டேஜ், மாத்திரை சாப்பிட்டா டிக், சுகர் பாத்தா நம்பர், கடைசியில மனசுக்கு பத்துக்கு மார்க். அம்மா அத எட்டிப் பாத்தா "செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்துட்டா"ன்னு மூடி வச்சுக்கறார். ராஜாத்திம்மா, நீங்க சொன்ன கால் பாக்கறத அம்மா பண்றாங்க, முதல் நாள் அந்த விரல் இல்லாத இடத்த தொட்டதும் ரெண்டு பேரும் அழுதாங்களாம்.

இன்னைக்கு காலைல வெறும் வயித்துல 231. அவரே குத்தி அவரே எழுதினார். நான் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, திருச்சி அண்ணா, இடுப்பளவுன்னு நினைச்சுக்கிட்டேன். தாள்ல 18 இருந்தது இப்ப 11. மூணு மாச சுகர் அடுத்த மாசம்தான் எடுக்கணும்.

ஒரு கேள்வி. அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க. அம்மா "என்னைய எதுக்கு, நான் என்ன பண்ணேன்"னு பயந்துட்டு இருக்காங்க. உள்ள என்ன கேப்பாங்க?

வைகை_ராஜாத்தி

என்னையும் கூப்பிட்டாங்க கண்ணு, நானும் அப்படித்தான் பயந்தேன். குத்தம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என்கிட்ட முதல்ல கேட்டது, "நீங்க நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு"ன்னுதான். அம்மாவ தைரியமா வரச் சொல்லு, கைக்குட்ட ஒண்ணு எடுத்துட்டுப் போகச் சொல்லு.